"அடுத்த வீட்டுல பாத்துக்கலாம்"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஆடி பிறப்பதற்குள் சென்னையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் மெத்தையும் பீரோவும் ஏற்றிய குட்டி யானை ஒன்று போவதைப் பார்க்கலாம். முன்சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அம்மா, மடியில் குழந்தை, குழந்தையின் கையில் சாமி படம். மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம், கொளத்தூரிலிருந்து அம்பத்தூர். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று நான்கு வீடு பார்த்துவிடும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். இவர்களிடம் பெரியவர்கள் சொல்வது 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பதைத்தான். பழமொழியில் குறையில்லை. ஆனால் மனம் போதும் என்று சொல்வதற்கு முன்னால் ராத்திரி குழந்தை தூங்க வேண்டும், காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், அப்பா ஏழரை மணிக்காவது வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி வீட்டையும் நாளையும் அமைத்துக்கொள்வது எப்படி என்று எழுதினால், வைகாசியில் பால் காய்ச்சக் காத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

முதலில் ஒரு பேச்சை விட வேண்டும்: "அடுத்த வீட்டுல பாத்துக்கலாம்." ஜன்னலுக்குத் திரை, ஒரு துளசித் தொட்டி, குழந்தைக்கென்று அலமாரியில் ஒரு தட்டு, வாசலில் கோலம், பக்கத்து வீட்டுப் பழக்கம், எல்லாமே இந்தப் பேச்சில் தள்ளிப்போகின்றன. அடுத்த வீடு வந்ததும் 'சொந்த வீடு வரட்டும்' என்கிறோம். கடன் கிடைத்து, கட்டி முடித்து, சாவி வாங்கும்போது பிள்ளைக்குப் பத்து வயது. தூளியில் ஆடிய வயதும் தவழ்ந்த வயதும் பெட்டி பிரிக்காத வாடகை வீடுகளிலேயே போயிருக்கும்.

மாறுவதையே குறைக்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 வாடகையில் வீட்டுக்காரர் 2,000 ஏற்றுகிறார், கோபத்தில் வேறு வீடு தேடக் கிளம்புகிறோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று அட்வான்ஸில் பிடிப்பது இன்னொரு 18,000. வண்டி, ஏற்றி இறக்கும் கூலி, ஏசி கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்து 8,000 என்று வையுங்கள். ஆக 44,000. மாதம் 2,000 வீதம் இது 22 மாத ஏற்றத்துக்குச் சமம். அதற்குள் புது வீட்டிலும் ஒரு தடவை வாடகை ஏறியிருக்கும். ஆகவே ஏற்றத்தைப் பேசிக் குறைத்துக்கொண்டு, 'இன்னும் இரண்டு முறை புதுப்பிப்போம், ஒவ்வொரு முறையும் இத்தனை சதவீதம்தான்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது பெரும்பாலும் லாபம். வருடா வருடம் வீடு இருக்குமா இருக்காதா என்ற கவலை போவதே பாதி நிம்மதி.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்ததுதான் பதினோரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம். பதினோரு மாதம் என்று போட்டுவிட்டால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த நினைப்பு சரியில்லை. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தடையில்லை என்பதால் ஆறு மாதம், பத்து மாதம் கேட்பது தொடர்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி முன்பணம் திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. குடிபோகும் நாளிலேயே சுவர், குளியலறைக் குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் ரீடிங்கும் அந்தப் படங்களில் இருக்கட்டும். காலி செய்யும் நாளில் வரும் சண்டைகளில் பாதி, முதல் நாள் படம் எடுக்காததால் வருவதுதான்.

வீடு பார்க்கும்போது சதுர அடியைக் கேட்கிறோம், நேரத்தைக் கேட்பதில்லை. வேலைக்குப் போய்வர நாளுக்கு ஒரு மணி நேரம் கூடினால், மாதம் 22 வேலை நாளில் 22 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் சாலையில் போகிறது. இரண்டு வயதுக் குழந்தை எட்டரைக்குத் தூங்கிவிடும். ஒன்பது மணிக்கு வீடு சேரும் அப்பாவோ அம்மாவோ வாரம் ஐந்து நாள் அதைத் தூங்கும் முகமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு படுக்கையறை குறைந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கும் வீட்டை எடுங்கள் என்றுதான் சிறு குழந்தை உள்ளவர்களுக்கு எங்கள் யோசனை. மூன்று வயது வரை பிள்ளை தனி அறையில் தூங்கப் போவதில்லை, அந்த அறை அட்டைப் பெட்டிகளால்தான் நிறையும். புரோக்கர் ஞாயிறு மதியம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், சாலை காலியாக இருக்கும். திங்கள்கிழமை மாலை ஆறரைக்கு அலுவலகத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால் 'பிரச்சனையே இல்ல' என்பார். மாடியில் துணி காயப்போடும் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "போர் தண்ணில பருப்பு வேகுதா?" கடினத்தன்மை அதிகமான தண்ணீரில் துவரம்பருப்பு குக்கரில் ஆறு விசில் விட்டாலும் கொட்டையாக நிற்கும். சோப்பு நுரைக்காது, குழந்தையின் தோல் வறண்டு அரிப்பெடுக்கலாம், வாஷிங் மெஷினிலும் வெந்நீர் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கையோடு எடுத்துப் போங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. மீட்டர் 1,500 காட்டினால் குடிக்க, சமைக்க மாதம் எத்தனை கேன் வாங்க வேண்டும் என்பதையும் வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பா, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கியதா தனியா என்பதும் 2019 கோடையை மறக்காத யாரும் கேட்காமல் விடக்கூடாத கேள்வி.

தண்ணீர் அதிகமாக வந்தாலும் ஆபத்து. "2015-ல எவ்வளவு ஏறுச்சு, மிக்ஜாம் அப்ப எவ்வளவு?" என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையால் காட்டிவிடுவார். தரைத்தளமானால் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டியின் வாய் தெரு மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் சம்ப்பில் இறங்கிவிட்டால் தெருத் தண்ணீர் வடிந்த பிறகும் சம்ப்பைக் கழுவி, குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைத் தொட முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நாலு நாள் பெரிய அவதி. அதே இஸ்திரிக்காரருக்குத்தான் மின்வெட்டு எப்போது, குழந்தை மருத்துவர் எந்தத் தெருவில், ராத்திரி பதினொன்றுக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்பதும் தெரியும். புது இடத்தில் முதலில் பழக வேண்டிய மனிதர் அவர்.

தூளி கட்டும் கொக்கி இருக்கிறதா என்று கேட்கச் சங்கடப்படாதீர்கள். புதுக் குடியிருப்புகள் பலவற்றில் கூரையில் கொக்கியே இருப்பதில்லை. மின்விசிறிக் கொக்கியில் தூளி கட்டவே கூடாது. கொக்கி இருந்தாலும் கட்டின உடனே குழந்தையைப் போடாதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூளியில் வைத்துப் பத்து நிமிடம் ஆட்டிப் பாருங்கள். கொக்கியைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்தாலோ கொக்கி திரும்பினாலோ அதை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். முக்கியமானது புடவை. புது வீடு, புதுப் புடவை என்று துவைத்து மாற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் அம்மாவின் வாசனை ஏறிய அதே பழைய பருத்திப் புடவை, துவைக்காமல், கைப்பையில் வர வேண்டும். சுவர், வெளிச்சம், வெளிச்சத்தம் எல்லாம் மாறிவிட்ட ராத்திரியில் அந்த மணம் ஒன்றுதான் குழந்தைக்குத் தெரிந்தது. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குவதற்கு மல்லாந்த நிலையில் தட்டையான படுக்கையே பாதுகாப்பு. தூளி என்பது ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்.

மாறும் நாளில் தடுமாறுவது சாமான் அதிகம் என்பதால் இல்லை, எது முதலில் வேண்டும் என்று யோசிக்காததால்தான். பால் காய்ச்ச உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு முதலில் போகும் வழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. அன்று ராத்திரி ரசம் சாதத்துக்குத் தேவையானவையும் ஏறக்குறைய அவையே. அதோடு மூன்று லிட்டர் குக்கர், ஒரு கரண்டி, கத்தி, லைட்டர், புளி, ரசப்பொடி, இரண்டு தட்டு, டம்ளர் இவற்றை ஒரே பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பையில் குழந்தையின் தலையணை, இரண்டு நாள் உடை, டயப்பர், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலம், கொசுவலை, இரவு விளக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பெரும்பாலும் எல்லோரும் மறப்பது பக்கெட், மக், துடைப்பம் மூன்றையும்தான். வண்டியில் கடைசியாக ஏற்றினால் முதலில் இறங்கும்.

ஃபிரிட்ஜை முந்தின ராத்திரியே அணைத்து, ஐஸ் உருகவிட்டுத் துடைத்துவிடுங்கள். வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துப் பிறகு போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து வைக்கும் போல்ட்டுகள் வாங்கும்போதே கொடுத்திருப்பார்கள். அவை இல்லாமல் ஏற்றினால் டிரம் அடிபட்டு, பிறகு ஓடும்போது அதிரும். சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நின்றவாக்கில் ஏற்றச் சொல்லுங்கள். புது வீட்டில் மாட்டியதும் சோப்பு நுரையைக் குழாயிலும் வால்விலும் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ஆரஞ்சு நிறக் குழாய் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட இதுதான் நேரம். ஊருக்குள்ளேயே மாறுகிறவர்கள் எரிவாயு இணைப்பை ஒப்படைக்க வேண்டியதில்லை, புது ஏஜென்சிக்கு மாற்றிக்கொண்டால் போதும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8.

தடுப்பூசி அட்டையைத் தயவுசெய்து வண்டியில் ஏற்றாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். ஆறு, பத்து, பதினான்கு வார ஊசிகளை யாரும் தவறவிடுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வருவதால். ஒன்பது மாதத்துக்குப் பிறகு இடைவெளி நீண்டுவிடும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் டிபிடி பூஸ்டரும், 5 முதல் 6 வயதில் போட வேண்டிய இரண்டாவது பூஸ்டரும்தான் வீடு மாறும் களேபரத்தில் விட்டுப்போகின்றன. பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டினால் இலவசமாகப் போடுவார்கள். தேதி கடந்துவிட்டதே என்று போகாமல் இருக்காதீர்கள், விட்டதிலிருந்து தொடர்வார்கள்.

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குழந்தை அம்மாவைக் காணாவிட்டால் அழும் பருவம். அந்தச் சமயத்தில் வீடு மாறினால் கால் இடுக்கிலேயே நிற்கும், குளியலறைக்குக்கூடப் போகவிடாது. இது பிடிவாதம் என்று அதட்டினால் இன்னும் இறுகிப் பிடிக்கும். மூன்று வயதுப் பிள்ளை, கழிப்பறைக்குப் போகப் பழகின பிறகும் திரும்பப் படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம், ஊட்டிவிடச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். தாய்ப்பால் நிறுத்துவது, டயப்பரை விடுவது, புதுப் பள்ளி, புது வீடு இந்த நான்கையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீடும் பள்ளியும் சேர்ந்து வருவதைத் தவிர்க்க முடியாது என்றால் மற்ற இரண்டையும் தள்ளிப் போடுங்கள். முதல் ஒரு வாரம் எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கும் மூலையும் அடுப்பங்கரையும் மட்டும் முழுதாகத் தயாராக இருக்கட்டும். பழைய வீட்டில் மெத்தையின் எந்தப் பக்கம் சுவர் இருந்ததோ அதே பக்கம் சுவர் வருமாறு போடுங்கள்.

தினசரி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை எந்த வீட்டிலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்: மாலை ஏழரை முதல் எட்டரை. குளியல் அல்லது முகம் கழுவல், சாப்பாடு, கதை, விளக்கு அணைத்தல், இதே வரிசையில். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளையைப் பத்தரைக்குத் தூங்க வைத்தால் இந்தக் கணக்கு வராது. அந்த மணி நேரத்தில் செல்போன் வேண்டாம், பெற்றோர் கையிலும் வேண்டாம். எட்டரைக்குக் குழந்தை தூங்கினால்தான் கணவனும் மனைவியும் இருபது நிமிடமாவது முகம் பார்த்துப் பேச முடியும்.

வேலையைப் பகிர்ந்துகொள்வதில் நடக்கும் தவறு இது: அப்பா 'உதவி' செய்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர் வேலை என்றால், வெந்நீர் போடுவது, துண்டு எடுத்து வைப்பது, சோப்பு தீர்ந்ததைக் கவனிப்பது, ஈரத்துண்டைக் கொடியில் போடுவது எல்லாம் அவருடையது. "துண்டு எங்கே?" என்று கேட்டால் வேலை அம்மாவின் தலையிலிருந்து இறங்கவே இல்லை. மூன்று வேலையில் பாதி பாதி எடுப்பதைவிட ஒரு வேலையை முழுதாக எடுத்தால் மனைவிக்கு உண்மையாகவே ஓய்வு கிடைக்கும். பாட்டி தாத்தா உடன் இருக்கும் வீட்டிலும் இதே முறைதான். நாள் முழுக்கக் குழந்தை பார்ப்பவருக்கு மாலையில் ஒரு மணி நேரமாவது கோயிலோ நடையோ கட்டாயம் வேண்டும்.

சனி ஞாயிறுக்கு மால் தேவையில்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை குழந்தைக்கும் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து படம் பார்க்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரே ஒரு வெளி உலா போதும், அதுவும் காலையில். மதியத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுக் கூட்டிப்போகும் உலா மாலையில் அழுகையாகத்தான் முடியும்.

பிரசவத்துக்குப் பிறகோ வீடு மாறிய பிறகோ ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுதுகொண்டே இருந்தால், குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல் கிடந்தால், 'எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று விடாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது. 104 மருத்துவ உதவி எண்ணிலும், மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. கணவரோ மாமியாரோ அந்த எண்ணை அழுத்திக் கொடுத்தாலே பெரிய உதவி.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைக்குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு முகூர்த்த நாள் காலை எட்டு மணிக்குச் சாவி கொடுக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். மேல்தொட்டியைக் கழுவ ஒரு நாள், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க அரை நாள், கூரையில் கொக்கி அடித்துப் பூச்சு காய ஒரு நாள் வேண்டும். ஆணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள், அந்த ஒரு கொக்கியை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு குழந்தைகளின் பெற்றோர் சிலர்,
மடிப்பாக்கம், சென்னை-91.